அடுப்படிப் பனையில் ஒரு வில்

80, 90 வருடம் ஓட்டுக்கூரையைத் தாங்கிக் கிடந்த பனங்கைமரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கணீரென்று கேட்கும். மரம்தானா இது என்று இன்னொரு முறை தட்டத் தோன்றும். நான் கையால் வில் செய்கிறவன். வில்லுக்கு ஆகும் மரங்கள் எத்தனையோ உண்டு. என் கைக்கு வந்தவற்றில், காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கிய பனைக்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மரத்தின் புகழைத்தான் பாடப்போகிறேன். அத்தனையும் அதற்குத் தகும்.

பிள்ளையார்பாளையம் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து மாடி வீடுகள் எழும்புகின்றன. முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்படி, மேலே பனங்கை, அதன்மேல் ரீப்பர், அதன்மேல் நாட்டு ஓடு என்று கட்டிய வீடுகள். இடிக்கும் நாளில் கதவு நிலைக்கும் தேக்குத் தூணுக்கும் ஆள் வந்து நிற்பார்கள். பனைக்கு யாரும் வருவதில்லை. அது வண்டியேறி விறகுக்குப் போய்விடும்.

தறி மர வேலை செய்யும் ஆசாரி ஒருவர்தான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர். இடித்த வீட்டு வாசலில் கிடந்த குவியலிலிருந்து ஒரு கைமரத்தை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு தம்பி."

புகை வாசம். அதோடு பழைய எண்ணெய்ப் பிசுக்கின் வாசம்.

"இது அடுப்படி மேல கெடந்த கை. அந்தாண்ட கெடக்குதே, அது தறிக்கூடத்துக் கை. ரெண்டும் ஒரே மரத்துல பொளந்ததாக்கூட இருக்கும். தட்டிப் பாரு, சத்தம் வேற."

தட்டினேன். வேறுதான்! தறிக்கூடத்து மரம் கொஞ்சம் அமுங்கி ஒலித்தது. அடுப்படி மரம் பாடியது.

"ஏன்யா அப்படி?"

"அங்க குழித்தறி. பட்டு நூலுக்கு ஈரப்பதம் வேணும்னு காத்த அடக்கியே வெச்சிருப்பாங்க. இங்க தெனமும் அடுப்பு எரிஞ்சிருக்கு. மூணு தலமுறைக்குச் சோறு வெந்த சூடு தம்பி இது."

மரம் பதமாவது என்றால் என்ன என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

பனை ஏன் வில்லுக்கு ஆகும்? தொல்காப்பியத்தின் மரபியலில் ஓர் அருமையான பாகுபாடு இருக்கிறது. வைரம் உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல். அந்தக் கணக்கில் பனை, மூங்கில் இரண்டுமே புல். வில் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? நாணை இழுக்கும்போது வில்லின் முதுகுப்பக்கம், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், நீளமாக இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் வயிற்றுப்பக்கம் நசுங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. எனவே பலமெல்லாம் புறத்தில் இருக்கிற பொருள்தான் வேண்டும். பனையைக் குறுக்கே அறுத்து அந்த முகத்தைப் பாருங்கள். வெளி விளிம்பில் கருநிற நார்க்கற்றைகள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போகப் போக இடைவெளி கூடும். நடுவில் வெறும் சோற்றி. வில்லுக்கென்றே அளந்து வைத்த அமைப்பு!

இது என் கண்டுபிடிப்பு அல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலையைப் பற்றிச் சொல்லும் அத்தியாயத்தில், வில் எவற்றால் செய்யப்படும் என்று நான்கைச் சொல்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. பனைக்குத்தான் முதலிடம். தெற்கே நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டுக்காரர்கள் வீசுகோலால் தட்டும் நீண்ட வில்லும் பெரும்பாலும் வைரம் பாய்ந்த பனைதான். சுப்பு ஆறுமுகம் சென்னை மேடைகளுக்குக் கொண்டுவந்தாரே, அதே வில்லிசை. கடல் தாண்டிப் போனாலும் இதே கதை. அமேசான் காட்டுப் பழங்குடிகளும் நியூ கினித் தீவின் மக்களும் கரும்பனை வகைகளில் வில் செய்கிறார்கள். பனை இருக்கும் இடத்தில் மனிதன் அதை வளைத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

காஞ்சிக் கூரைப் பனையின் இன்னொரு பெருமை, அது பிளந்த மரம் என்பது. அந்தக் காலத்துத் தச்சர்கள் பனையை ரம்பத்தால் அறுக்கவில்லை. கோடாலியால் வாய் வைத்து, வரிசையாக ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளந்தார்கள். ரம்பத்துக்கு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கவலை இல்லை. நேர்க்கோட்டில் போகும், குறுக்கே வந்த நாரை அறுத்துவிடும். அறுபட்ட ஒவ்வொரு நாரும் பின்னாளில் வில் உடையும் இடம். ஆப்பு அப்படிச் செய்யாது. நார் போகிற வழியிலேயே மரம் பிரியும். அதனால் பிளந்த பனங்கையில் நுனி முதல் அடி வரை நார் அறுபடாமல் ஓடுகிறது. வீடு கட்டியவர்கள் கூரைக்காகச் செய்த வேலை, மூன்று தலைமுறை கழித்து என் வில்லுக்கு உதவுகிறது. நினைத்தாலே சிலிர்க்கிறது.

இதற்காக நிற்கும் பனையை வெட்டலாமா? கூடவே கூடாது. பனை நம் மாநில மரம். ஏரிக்கரைகளுக்கு அதன் வேர்தான் காவல். 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே, பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மனமார வரவேற்கிறேன். பச்சைப் பனையை வெட்டி நிழலில் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. கூரை அந்த வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறது.

புகை செய்கிற காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. அடுப்புச் சூடு ஈரத்தை மெல்ல மெல்ல எடுக்கிறது. அவசரமாக உலர்ந்த மரம் வெடிக்கும், மெல்ல உலர்ந்த மரம் இறுகும். புகையோ நாருக்குள் இறங்கிப் பூச்சியை அண்டவிடாமல் காக்கிறது. ஜப்பானில் பழைய கூரை வேய்ந்த வீடுகளின் அடுப்புக்கு மேலே நூறு, இருநூறு வருடம் புகை குடித்த மூங்கிலுக்கு சுசுதகே என்று பெயர். தேநீர்ச் சடங்குக் கருவிகளுக்கும் புல்லாங்குழலுக்கும் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். நல்ல விலை கொடுக்கிறார்கள். நம்மிடம் அதே தவத்தைச் செய்த பனை தெருவோரத்தில் கிடக்கிறது.

சரி, மரம் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் கொண்டாட்டம். முதலில் ஆணித் தழும்பைப் பார்க்க வேண்டும். ரீப்பர் அடித்த ஆணிகளுக்கு இடையே, என் உயரத்துக்குச் சமமான சுத்தமான நீளம் கிடைத்தால் அன்று எனக்குப் பொங்கல். கிடைத்ததும் உளியை எடுக்கக்கூடாது. கூரையிலிருந்து இறங்கிய மரம் புது இடத்துக் காற்றோடு பழக வேண்டும். வீட்டுப் பரணில், தரையைத் தொடாமல், அடியில் கட்டை கொடுத்துச் சில வாரம் படுக்க வைப்பேன். அளவுக்கு மீறிக் காய்ந்த மரமும் ஆபத்துதான், படாரென்று முறியும். கொஞ்சம் ஈரம் உள்ளே இருந்தால்தான் வளைந்து கொடுக்கும். மரத்தின் பதம் தெரிய மளிகைக்கடைத் தராசு போதும். வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வைக்க வேண்டும். எடை ஏறாமலும் இறங்காமலும் நின்றுவிட்டால் மரமும் காற்றும் ஒத்துப்போய்விட்டன என்று அர்த்தம்.

பிறகு வாய்ச்சி. உள்பக்கத்துச் சோற்றியை முதலில் கழித்துவிட வேண்டும். வெளிப்பக்கத்தின் வைரத்தைத் தொடவே கூடாது. பட்டையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, நாரை அப்படியே விட வேண்டும். வயிற்றுப்பக்கத்தில்தான் வேலையெல்லாம். இழைப்புளி பனையில் சுகமாக ஓடாது, நாரைக் கிளப்பிவிடும். அரம்தான் பேசும். கடைசிக் கட்டத்தில் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினால் மென்மையான தூளாக உதிரும். அப்போது தெரிகிற அழகு இருக்கிறதே! தேன் நிறத்துப் பரப்பில் கருங்கோடுகள் நீளநீளமாக, இடைவிடாமல், பாவு இழைகளைத் தறியில் பூட்டியது போல ஓடும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்தக் கோடுகளைப் பார்த்ததும் கண் நிறைந்துவிடும். விரலில் சிலாம்பு ஏறும், அதுவும் ஊசி போல. பொறுத்துக்கொள்ளலாம்.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. சுமார் 5300 வருடத்துக்கு முந்தியவன். அவனோடு 182 சென்டிமீட்டர் நீளத்தில், யூ என்ற மரத்தில் செதுக்கிய, வேலை முடியாத வில் ஒன்றும் கிடைத்தது. செதுக்கிய தழும்புகள் அதில் இன்னும் அப்படியே இருக்கின்றன. கண்ணாடித் துண்டைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் அந்த ஆளை நினைத்துக்கொள்வேன். அவனும் ஓரமாக உட்கார்ந்து, கொஞ்சம் சுரண்டி, கொஞ்சம் வளைத்து, மறுபடி சுரண்டியிருப்பான்.

மூங்கிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூரைப் பனை எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூங்கில் அப்படியில்லை, ஆண்டுதோறும் கிடைக்கும். ஜவ்வாது மலை அடிவாரத்துத் தோப்புகளில் கல்மூங்கில் வளர்க்கிறார்கள். உள்ளே துளை மிகக் குறைவு, சிலவற்றில் துளையே இல்லை. தனியார் நிலத்து மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் இருந்த கெடுபிடி, 2017-இல் வனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து நீங்கிவிட்டது.

எப்போது வெட்டுவது என்பதில்தான் பாதி வித்தை. மழைக்காலத்தில் மூங்கில் புதுக்குருத்து விட்டு மாவுச்சத்தோடு ஈரமும் நிறைந்து நிற்கும். அப்போது வெட்டினால் பொடிவண்டுக்கு விருந்துதான். சில மாதத்தில் உளுத்து மாவாகக் கொட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் பாலாற்றங்கரையில் இருக்கும் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருள்வார். பெருமாளே வேட்டைக்குக் கிளம்பும் நாள்! என் கணக்கில் அதுதான் மூங்கில் வெட்டின் தொடக்கம். அதிலும் தேய்பிறை பார்த்துத்தான் வெட்டுவார்கள் பெரியவர்கள். நானும் அப்படியே.

இளம் மூங்கில் பார்க்கப் பளபளவென்று இருக்கும், மேலே வெண்பூச்சு படிந்திருக்கும், கணுவில் உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட வேண்டும். மூன்று வயது கடந்ததில் உறை உதிர்ந்திருக்கும், பூச்சு மறைந்து பச்சை மங்கியிருக்கும், அங்கங்கே பாசித் திட்டு தெரியும். தட்டினால் சத்தம் கெட்டியாக வரும். தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கணுவுக்கும் வெட்டுக்கும் நடுவில் கிண்ணம் போல விட்டால் மழைநீர் தேங்கி வேர்க்கிழங்கு அழுகிவிடும். வெட்டியதும் இலையைக் கழிக்காமல் அந்தக் குத்திலேயே ஒன்றிரண்டு வாரம் சாய்த்து நிறுத்துகிறார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு! வெட்டிய பிறகும் இலை உயிரோடு இருந்து, தண்டிலிருக்கும் நீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மரமே தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது.

அடுத்து நீர். குட்டையில் அமிழ்த்தி, மேலே கல்லேற்றி வைத்துவிட வேண்டும். சில வாரத்தில் மாவுச்சத்து கரைந்து, நுரைத்து, புளித்து ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும். பொடிவண்டுக்குச் சாப்பாடு இல்லாமல் போகிறது என்பதன் அறிவிப்பு அது. மரத்தை நீருக்குள் வைத்துக் காப்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அனந்தசரஸ் குளத்துக்குள் 40 வருடம் சயனித்து, 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி தந்தாரே அத்திவரதர், அவர் திருமேனி அத்தி மரம். அதே போல, இங்கிலாந்தில் 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-இல் தூக்கினார்கள். கடலடிச் சேற்றிலிருந்து 130-க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. காற்று புகாத இடத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வழியில்லை.

குட்டையிலிருந்து எடுத்ததும் வெயிலில் போட்டால் அத்தனை பாடும் வீண். நிழலில், காற்றோட்டத்தில், செங்குத்தாக நிறுத்தி, அவ்வப்போது தலைகீழாகத் திருப்ப வேண்டும். வெட்டு முகங்களில் சாணத்தைக் குழைத்து அப்பினால் நுனி வழியாக ஈரம் ஓடுவது மட்டுப்படும், வெடிப்பு குறையும். ஆடிக்காற்றுக்கு முன்பே உள்ளே எடுத்துவிட வேண்டும். அந்த வறண்ட மேல்காற்று ஒரே வாரத்தில் மூங்கிலைப் பிளந்துவிடும். பிறகு பரணில் அதன்பாட்டுக்குக் கிடக்கட்டும். ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் சொல்லும் கணக்கு பெரிய மரங்களுக்கு. மூங்கிலுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனாலும் விட்டு வைக்க வைக்க நயம் கூடும்.

நாண் விஷயத்தில் காஞ்சிபுரம் என்னைத் திக்குமுக்காட வைத்துவிட்டது. அர்த்தசாஸ்திரம் நாணுக்கு எருக்கு நாரையும் சணப்பையும் விலங்கு நரம்பையும் சொல்கிறது. எருக்கு நாரில் திரித்தும் பார்த்தேன், அருமையாக உழைக்கிறது. துருக்கியின் உஸ்மானிய வில்லாளிகள் பட்டில்தான் நாண் கட்டினார்கள் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டுக்கு நான் எங்கே போக வேண்டும்? தெருவில் நின்று கூப்பிட்டால் போதாதா? தறி முடித்து மிஞ்சிய பாவு நூலை எதிர்வீட்டு அக்கா ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். அரக்கு நிறமும் மயில்கழுத்து நிறமும் கலந்து திரித்து, தேன்மெழுகு தடவி முறுக்கேற்றினேன். குதையில் மாட்டி விரலால் சுண்டியதும் வந்த ரீங்காரத்தை எழுத்தில் எழுத முடியவில்லை. அடுப்படிப் பனையும் தறிப் பட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே!

காமாட்சியம்மன் கையில் கரும்பு வில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த வில் அது. கரும்பும் புல் இனம்தான், மூங்கிலின் உறவு. கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிற்பங்களில் திரிபுராந்தகர் வில்லோடு நிற்கிறார். இந்த ஊரில் வில் இல்லாத தெய்வத்தைத்தான் தேட வேண்டும் போலிருக்கிறது.

எய்து பார்த்தால் என்ன சொல்கிறது இந்த வில்? செவிலிமேடு தாண்டி ஆள் நடமாட்டமில்லாத திடலில் வைக்கோல் கட்டை நிறுத்தி எய்கிறேன். 30 பவுண்டு இழுப்புதான், பெரிய போர்வில் இல்லை. ஆனால் நாணை விட்டதும் கையில் அதிர்வே தெரிவதில்லை. அம்பு போய்விட்ட பிறகுதான் விட்டோம் என்பதே உறைக்கும். அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதாக அர்ரியன் எழுதியிருக்கிறார்: இந்தியக் காலாட்படையினர் தங்கள் உயரத்துக்குச் சமமான வில்லைத் தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்தி எய்தார்கள், கேடயமோ கவசமோ அதற்கு ஈடு கொடுக்கவில்லை. ஒரு மாலையில் அப்படியும் எய்து பார்த்தேன். வைக்கோல் கட்டின் மறுபக்கம் அம்பின் முனை தெரிந்தது! ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வில் கொஞ்சம் சோம்பும், மழை ஈரத்தில் அதன் துள்ளல் குறையும். அப்போது நாணைக் கழற்றிப் பரணில் படுக்க வைத்துவிட்டு, மார்கழிப் பனி போனதும் எடுத்துக்கொள்ளலாம்.

வீடு இடிக்கப் போகும் காஞ்சிபுரத்து நண்பர்களுக்கும், இடிப்பு ஒப்பந்தம் எடுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கூரையைப் பிரிக்கும்போது கடப்பாரையால் நெம்பாமல் ஆணியைக் கழற்றி, பனங்கைமரங்களை முழு நீளத்தில் இறக்குங்கள். அடுப்படிக்கு மேலே இருந்தவற்றைத் தனியாக வையுங்கள். மழை படாமல் ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, பக்கத்துத் தெரு ஆசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வில்லுக்கு ஆகாவிட்டாலும் உலக்கைக்கும் கைப்பிடிக்கும் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் ஆகும். தயவுசெய்து விறகுக்கு மட்டும் போடாதீர்கள்.